போடாக்ஸ்: அன்றைக்கே மறையாது

"முதல் நாளே ஊசி, சாயங்காலமே சுருக்கம் போயிடும், அப்புறம் திரும்பவே வராது" என்று மேலே எழுதியிருக்கும் அக்காவுக்கு: அப்படி இல்லைங்க. போடாக்ஸ் என்பது சுருக்கம் விழவைக்கும் முகத் தசையைத் தற்காலிகமாகத் தளர்த்தும் ஊசி மருந்து; அது வேலை செய்யத் தொடங்கவே சில நாளாகும். முழுப் பலன் தெரிய சுமார் 2 வாரம். பெரும்பாலும் 3, 4 மாதத்தில் தசை பழையபடி இயங்கும், கோடும் திரும்பும்.

போன மாதம் தருமபுரியில் சித்தியைத் தோல் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். ஊசியை எடுக்கவே இல்லை. புருவத்தை நெரிக்கச் சொன்னார், சிரிக்கச் சொன்னார் (சித்திக்கு வெட்கம் தாங்கவில்லை). முகம் அசையும்போது விழும் கோட்டுக்குத்தான் இது நன்றாகக் கேட்குமாம். சும்மா இருக்கும்போதும் பதிந்திருக்கும் கோடு இதனால் மட்டும் முழுதாகப் போகாதாம். தசைப் பலவீன நோய் உண்டா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்றும் கேட்டார். சித்தி மாத்திரைச் சீட்டை வீட்டிலேயே விட்டுவிட்டதால் இன்னொரு நடை.