ஃபார் லாப்: மெல்போர்னில் நிற்பது முழுக் குதிரை அல்ல

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் அருங்காட்சியகத்தில் உள்ள பந்தயக் குதிரை ஃபார் லாப்பின் படத்தைப் போட்டு, "மருந்து ஏற்றி முழு உடலையும் அப்படியே பாதுகாத்திருக்கிறார்கள்" என்று பகிர்கிறார்கள். இது தவறு.

அங்கே இருப்பது அதன் தோல் மட்டும்தான். 1932-ல் கலிபோர்னியாவில் குதிரை இறந்த பிறகு தோலை உரித்துப் பதப்படுத்தினார்கள். நியூயார்க் கலைஞர்கள் குதிரையின் அளவுக்கே ஓர் உருவம் செய்து, அதன்மேல் அந்தத் தோலைப் பொருத்தினார்கள். தசையின் திரட்சி, கழுத்தின் நிமிர்வு எல்லாம் அவர்கள் கைவேலை. அந்த அபாரமான உழைப்பை மருந்தின் கணக்கில் எழுதுவது அநியாயம்.

சரி, மற்ற பாகங்கள்? எலும்புக்கூடு நியூசிலாந்தின் வெலிங்டனில், டெ பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. திரவத்தில் வைத்துப் பாதுகாக்கப்படுவது இதயம். அது கான்பெராவில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில்.