பில்ட் உடைஞ்சா முதல் எர்ரரைப் படிங்க

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் நேரம் வந்துட்டா மதுரைப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைங்ககிட்ட இருந்து வாட்ஸ்அப்ல ஸ்கிரீன்ஷாட்டா வருது. "அண்ணே, பில்ட் ஃபெயில் ஆகுது, என்ன செய்ய?" படத்துல கடைசி ரெண்டு வரி மட்டும் இருக்கும். பில்ட், அதாவது கோடை ஓடுற புரோகிராமா கட்டுற வேலை, நின்னுபோச்சுங்கிறதைத் தவிர அதுல ஒரு தகவலும் கிடையாது. காரணம் அதுக்கு எவ்வளவோ மேல, முதல்ல வந்த எர்ரர்ல இருக்கு.

காளவாசல்ல இருந்து ஒரு தம்பி லேப்டாப்போட வந்தான். முகத்தைப் பாத்து அட்டெண்டன்ஸ் போடுற ப்ராஜெக்ட், கோடு பகிர்ற தளமான கிட்ஹப்ல எடுத்தது. என்னென்ன லைப்ரரி வேணும்னு சொல்ற ரெக்வயர்மென்ட்ஸ் ஃபைல்ல, கணக்குப் போடுற பைத்தான் லைப்ரரியான நம்பை 1.19, அது 2020-ல வந்தது. அவன்கிட்ட இருக்கிறது பைத்தான் 3.12. டெர்மினலை மேல தள்ளிக்கிட்டே போனா, 'டிஸ்ட்யூட்டில்ஸ்'ங்கிற மாட்யூல் இல்லைன்னு ஒரு வரி. விஷயம் அவ்வளவுதான். 2023 அக்டோபர்ல வந்த 3.12-ல, பேக்கேஜை பில்ட் பண்ண உதவுற டிஸ்ட்யூட்டில்ஸை எடுத்துட்டாங்க. பழைய நம்பைக்கு 3.12-க்கான ரெடிமேட் வீல், அதாவது முன்னாடியே பில்ட் பண்ணி வச்ச பேக்கேஜ், கிடையாது. அதனால பைத்தான் பேக்கேஜை இன்ஸ்டால் பண்ற பிப், சோர்ஸை இறக்கி அங்கேயே பில்ட் பண்ணப் பாக்குது; அந்த பில்டுக்கு டிஸ்ட்யூட்டில்ஸ் வேணும். பைத்தான் 3.8-ல தனி என்விரான்மென்ட் போட்டதும் இன்ஸ்டால் ஆயிருச்சு. ஆனா 3.8-க்கு 2024 அக்டோபரோட செக்யூரிட்டி அப்டேட்டும் முடிஞ்சுபோச்சு. டெமோ காட்ட அது போதும், சர்வர்ல ஏத்தக்கூடாதுன்னு சொல்லித்தான் அனுப்பினேன்.

ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுற நோட் (Node.js) பக்கமும் இதே கதைதான். கோடு ஃபைல்களை ஒண்ணாக் கட்டுற வெப்பேக் 4 வச்ச பழைய ரியாக்ட் ப்ராஜெக்டை நோட் 17-லயோ அதுக்கு மேலயோ ஓட்டினா ஓப்பன்எஸ்எஸ்எல் எர்ரர் வரும். வெப்பேக் 4 கேக்குற எம்டி4-ங்கிற பழைய ஹாஷ் அல்காரிதத்தை, அந்த நோட்ல இருக்கிற என்க்ரிப்ஷன் லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல் 3 சாதாரணமா அனுமதிக்கிறது இல்ல. பழைய அல்காரிதங்களை அனுமதிக்கிற லெகசி ப்ரொவைடர் ஆப்ஷனைப் போட்டா ஓடத்தான் செய்யும். ஆனா கைவிட்ட அல்காரிதத்தைத் திரும்ப உள்ள விடுறோம். வெப்பேக் 5-க்கு மாறுறதுதான் சரியான வழி.

எனக்கு உண்மையிலேயே கோபம் வர்ற யோசனை ஒண்ணு இருக்கு: "லாக் ஃபைலை அழிச்சிட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணு." எந்த வெர்ஷன்ல எல்லாம் ஒழுங்கா ஓடுச்சுங்கிறதுக்கு இருக்கிற ஒரே சாட்சி, பேக்கேஜ் வெர்ஷன்களைப் பூட்டி (lock) வைக்கிற அந்த ஃபைல்தான். அதை அழிச்சிட்டா அடுத்து வர்றவன் எதை வச்சுத் தேடுவான்? 2016 மார்ச்ல லெஃப்ட்பேட்ங்கிற 11 வரி பேக்கேஜை எழுதினவரே ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ் களஞ்சியமான என்பிஎம்ல இருந்து எடுத்தாரு, அதை நம்பியிருந்த பில்டெல்லாம் உலகம் பூரா நின்னுச்சு. யார் யார் கோடு மேல நம்ம ப்ராஜெக்ட் நிக்குதுன்னு பிள்ளைங்களுக்குத் தெரியணும். சம்பளமே வாங்காம அதைப் பராமரிக்கிறவங்களோட கிட்ஹப் பக்கத்துல போய் "வேலை செய்யல"ன்னு மட்டும் எழுதிட்டு வராதீங்க. வெர்ஷன், முழு எர்ரர், நீங்க என்ன செஞ்சு சரியாச்சு, இந்த மூணையும் எழுதுங்க. முடிஞ்சா திருத்தத்தையே அனுப்புங்க.

வைவா எடுக்கிற ஆசிரியர்கள்ட்ட ஒரு வேண்டுகோள். பைண்டிங் போட்ட ரிப்போர்ட்டைப் புரட்டுறதுக்கு முன்னாடி, லேப்ல இருக்கிற வேற ஒரு சிஸ்டத்துல அந்த ப்ராஜெக்டை க்ளோன் பண்ணி (புதுசா காப்பி எடுத்து), எப்படி ஓட்டணும்னு எழுதி வச்ச ரீட்மீயை மட்டும் பாத்து ஓட்டச் சொல்லுங்க. மார்க்கை அதுக்குப் போடுங்க.