நல்லதையே நினைத்தால் போதுமா?
தொற்றுக் காலத்தில் கர்ப்பிணிகள் செய்தி பார்ப்பதைக் குறைத்து, நல்லதையே நினைக்க வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. முதல் பாதி சரி. இரண்டாவது எனக்கு ஒப்பவில்லை. கொரோனா காலத்தில் பல மருத்துவமனைகள் ஸ்கேன் அறைக்குள் கணவரைக்கூட விடவில்லை. முகக்கவசம் போட்ட மருத்துவர் திரையைப் பார்த்தபடி ஒரு நிமிடம் பேசாமலிருந்தால், தனியாகப் படுத்திருப்பவள் எந்த நல்லதை நினைப்பாள்? தொற்று இருந்தாலும் பிரசவத்தின்போது விரும்பிய ஒருவர் உடனிருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருந்தது. அதைக் கேட்டு நடந்த மருத்துவமனைகள் எத்தனை?

மனநிலையை அறிய பெரிய ஏற்பாடும் தேவையில்லை. 1987இல் வெளியான எடின்பரோ வினாத்தாளில் மொத்தமே 10 கேள்விகள், எல்லாம் கடந்த 7 நாட்களைப் பற்றியவை. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்காக உருவானது என்றாலும் கர்ப்ப காலத்திலும் பயன்படுகிறது. தொலைபேசியிலேயே கேட்டுவிடலாம். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது கடைசிக் கேள்வி. அதற்கு ‘ஆம்’ என்ற பதில் வந்தால் பதில்களுக்கான மொத்த மதிப்பெண் (கூடக்கூட மனச்சோர்வுக்கு வாய்ப்பு அதிகம்) குறைவாக இருந்தாலும் உடனே கவனிக்க வேண்டும்.

இன்னொன்று, கட்டுரையில் விடுபட்டது: ஏற்கெனவே மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர்கள் கர்ப்பம் தெரிந்ததும் பயந்துபோய்த் தாமாகவே நிறுத்திவிடக் கூடாது. மருத்துவரிடம் நேரில் போக முடியாவிட்டால், தொலைபேசியிலாவது கேட்டுக்கொள்ளுங்கள்.