உண்ணிக் காய்ச்சல் விடுபட்டுவிட்டது

விவசாயிகளின் உடல்நலம் பற்றி நான் படித்த ஒரு கட்டுரையில் மூட்டுவலி, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் வந்திருக்கின்றன, சரி. ஆனால் எங்கள் வேலூர்ப் பக்கம் மழைக்காலத்தில் தொடங்கிப் பனிக்காலம் முடியும்வரை ஆளைச் சாய்க்கிற ஸ்க்ரப் டைபஸ், அதாவது உண்ணிக் காய்ச்சல், விடுபட்டுவிட்டது.

புல் புதரில் இருக்கும் மிகச் சிறிய பூச்சி கடித்து வருவது இது. களை எடுக்கிறவர்கள், மாடு மேய்க்கிறவர்கள், விறகு பொறுக்குகிறவர்களுக்கு அதிகம். கடித்த இடம் வலிக்காது. சிகரெட்டால் சுட்டதுபோல் கருப்புப் பொருக்கு மட்டும் இருக்கும். அதுவும் பெரும்பாலும் அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில். பெண்கள் கூச்சப்பட்டுச் சொல்வதில்லை, பல டாக்டர்களும் கேட்பதில்லை. இதுதான் என் பெரிய வருத்தம். பொருக்கு எல்லோருக்கும் வருவதும் இல்லை.

மெடிக்கலில் பாராசிட்டமால் வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவது நம் பழக்கம். அது சூட்டைத் தணிக்கும், கிருமியைத் தொடாது. கிருமியை அடக்கும் டாக்ஸிசைக்ளின் விலை குறைந்த மாத்திரைதான். நேரத்தோடு கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதிக்கும். காய்ச்சல் விடாமல் அடித்தால், வயலில் வேலை செய்ததை டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அப்புறம், வீடு திரும்பியதும் குளித்துவிட்டு, உடுத்திய துணியையும் அன்றே துவைத்துப் போடுங்கள்.