புது ஆபீஸ் யாருக்காகக் கட்டினீங்க?

எங்கள் ஊட்டி ஆபீஸைப் புதுப்பித்துவிட்டார்கள். வெள்ளைக்காரன் காலத்து பங்களா அது. உள்சுவரை இடித்து ஒரே ஹாலாக்கி, கண்ணாடித் தடுப்பு போட்டு, மீட்டிங் ரூமில் பெரிய டிவியும் மாட்டியாச்சு. ஆண்கள் கழிப்பறை உள்ளேயே பளபளவென்று இருக்கிறது. பெண்கள் கழிப்பறை மட்டும் பழையபடி பின்பக்கச் சரிவில், படியேறிப் போகிற இடத்தில்!

இங்கே வேலை பார்ப்பவர்களில் பாதிப்பேர் பெண்கள். பிளான் போட்டபோது எங்களில் ஒருத்தியைக்கூடக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. முடிந்தபிறகு கேட்டால், "உள்ளே இடமில்லை மேடம், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்கிறார்கள். காபி மெஷினுக்குத் தனி அறை ஒதுக்க இடம் இருந்ததே?

ஜூன், ஜூலை மழையில் அந்தப் படியெல்லாம் பாசி பிடித்து வழுக்கும். மூடுபனி இறங்கினால் அடுத்த படி தெரியாது. பொழுது சாய்ந்தால் காட்டுமாடு வந்து நிற்கிற சரிவு அது, விளக்கும் கிடையாது. தாழ்ப்பாள் கழன்று கிடப்பதால் ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே காவல் நிற்க வேண்டும். நாப்கின் போட மூடி வைத்த ஒரு கூடை இல்லை. காகிதத்தில் சுற்றிக் கைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறோம். குளிரில் சிறுநீர் அடிக்கடி வரும், அது உடம்பின் இயல்பு. அப்படிப்பட்ட ஊரில், படியேறப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறோம். நீர்க்கடுப்பு வந்து மாத்திரை வாங்குவது எங்கள் காசில்.

குளிரைப் பற்றிப் பேசினால் இன்னும் கோபம் வருகிறது. வாசலை ஒட்டிய முன்கவுன்டர் முழுக்கப் பெண்கள்தான். ஆள் வரவரக் கதவு திறந்து காற்று நேரே காலில் அடிக்கிறது. ஜனவரி உறைபனியில் புடவைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்குமேல் சால்வை போர்த்தியும் விரல் மரத்துப்போய் டைப் அடிக்க முடிவதில்லை. ஹீட்டர் இருப்பது மேனேஜர் அறையில். "உங்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு குளிருது?" என்று வேறு கேட்கிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. ஆபீஸ் கட்டடங்களின் வெப்பநிலைக் கணக்கு 1960-களில் உருவானது. அதில் உடல் வெளியிடும் வெப்பத்துக்கு அளவுகோல் ஒரு சராசரி ஆண். மேசை வேலை செய்யும் பெண்களின் உடல் வெப்பத்தை அந்தக் கணக்கு 35 சதவீதம் வரை கூட்டிச் சொல்லக்கூடும் என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2015-ல் காட்டினார்கள். அதாவது, அந்தக் கணக்குப்படி போதும் என்கிற சூடு எங்களுக்குப் போதாது. நாங்கள் ஒன்றும் குளிருது என்று நடிக்கவில்லை.

அப்புறம் அந்தக் கண்ணாடி மேசை. கீழே மறைப்பே இல்லை, நாள் முழுக்கப் புடவையை இழுத்து விட்டுக்கொண்டே வேலை செய்ய வேண்டும். நாற்காலியைக் கடைசிவரை இறக்கினாலும் எங்களில் பலருக்குப் பாதம் தரையில் படாது.

பிரசவ லீவு முடிந்து வந்த பெண், பால் கட்டி நெஞ்சு வலிக்க, ஃபைல் ரூமில் அலமாரிக்குப் பின்னால் நின்று பாலைப் பீய்ச்சுகிறாள். இதே மலையில் எஸ்டேட்டுகளில் கொழுந்து பறிக்கும் பெண்களின் குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று 1951-லேயே தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அது எல்லா இடத்திலும் ஒழுங்காக நடந்ததா என்பது வேறு விஷயம், எழுதியாவது வைத்தார்கள். இவ்வளவு வருஷம் கழித்து நாங்கள் கேட்பது உள்ளே பூட்டிக்கொள்ள ஒரு சின்ன அறை.

அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம் என்கிறார்கள். மாதம் ஒருமுறை திறக்கிற மீட்டிங் ரூமில் பாதியை எடுங்கள், கழிப்பறையும் அந்த அறையும் அதிலேயே வந்துவிடும். அதுவரைக்கும் பின்படிக்கு விளக்கும் கதவுக்குத் தாழ்ப்பாளும் இந்த வாரத்துக்குள் வந்தாக வேண்டும்.