இறுதிப் போட்டி மாணவர்கள் இருக்கும் ஊரிலேயே நடக்கட்டும்

அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கியில் என்சிஎச்சி என்று சுருக்கமாக அழைக்கப்படும் நேஷனல் காலேஜியேட் ஹாக்கி கான்ஃபரன்ஸ், தன் சாம்பியன்ஷிப் தொடரின் அரையிறுதிகளையும் இறுதிப் போட்டியையும் மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் நடத்தி வந்த வழக்கத்தைக் கைவிட்டு, 2026 முதல் எல்லாச் சுற்றுகளையும் கல்லூரிகளின் சொந்த அரங்குகளிலேயே நடத்துவதென்று முடிவெடுத்தது. தொழில்முறை அணி விளையாடும் பதினெட்டாயிரம் பேர் அமரும் அரங்கை விட்டுவிட்டு மூவாயிரம், நாலாயிரம் இருக்கைகள் கொண்ட கல்லூரி அரங்குக்குப் போவது தொடரின் மதிப்பைக் குறைத்துவிடும் என்று இதற்கு எதிர்ப்பு எழுந்தது. நான் அப்படி நினைக்கவில்லை. இன்னும் முன்பே எடுத்திருக்க வேண்டிய நல்ல முடிவு இது.

இந்த விளையாட்டைத் தொடர்ந்து பார்க்காதவர்களுக்காக அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரிகள் தங்களுக்குள் கூட்டுச் சேர்ந்து அமைத்துக்கொண்ட ஆறு கான்ஃபரன்ஸ்கள் ஆண்களுக்கான முதல்தரக் கல்லூரி ஐஸ் ஹாக்கியில் இருக்கின்றன. அக்டோபரில் தொடங்கும் லீக் ஆட்டங்கள் மார்ச் மாதத் தொடக்கத்தோடு முடிய, ஒவ்வொரு கான்ஃபரன்ஸும் தனியாக ஒரு நாக்அவுட் தொடரை நடத்துகிறது. அதில் வெல்லும் அணிக்கு, 16 அணிகள் பங்கேற்கும் தேசிய சாம்பியன்ஷிப்பில் நேரடியாக இடம் கிடைக்கிறது. மீதிப் பத்து இடங்கள் பருவம் முழுவதுமான ஆட்டங்களின் கணக்கைப் பார்த்து நிரப்பப்படுகின்றன. ஆகவே, தரவரிசையில் மேலே இருக்கும் அணிக்கு இந்தத் தொடரில் தோற்றாலும் இன்னொரு வழி உண்டு. கீழே இருக்கும் அணிக்கு இது ஒன்றே வாசல். 2025-இல் பென்ட்லி அணி அட்லாண்டிக் ஹாக்கி அமெரிக்கா கான்ஃபரன்ஸின் இறுதிப் போட்டியில் ஹோலி கிராஸ் அணியை அதன் சொந்த அரங்கிலேயே 6-3 என்று வீழ்த்தித் தன் வரலாற்றில் முதல் முறையாகத் தேசியத் தொடருக்குள் நுழைந்தது இந்த வாசல் வழியாகத்தான்.

இவ்வளவு பொருள் பொதிந்த ஓர் ஆட்டத்தை யார் முன்னிலையில் விளையாட வேண்டும்? என்சிஎச்சியைப் பொறுத்தவரை இந்தக் கேள்விக்கான பதிலை வரைபடமே சொல்லிவிடுகிறது. 2010-இல் டெர்ரி பெகுலா என்ற தொழிலதிபர் 8 கோடியே 80 லட்சம் டாலர் நன்கொடை அளித்துப் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் முதல்தர ஐஸ் ஹாக்கி அணி உருவாக வழிசெய்தார். அதனால் பிக் டென் என்ற பல விளையாட்டுகளுக்கான கூட்டமைப்பின் பல்கலைக்கழகங்களில் ஹாக்கி ஆடுபவை ஆறாக உயர, அவை தனி ஹாக்கி கான்ஃபரன்ஸ் அமைத்துக்கொண்டன. மினசோட்டாவும் விஸ்கான்சினும் வெளியேறியதால் அவை அதுவரை இருந்த டபிள்யூசிஎச்ஏ என்ற பழைய கான்ஃபரன்ஸ் குலைந்தது. எஞ்சிய வலுவான அணிகள் 2011-இல் அவசரமாகக் கூடி உருவாக்கியதுதான் என்சிஎச்சி. அதாவது, பக்கத்து ஊர்க்காரர்கள் என்பதால் சேர்ந்தவை அல்ல இந்தக் கல்லூரிகள்; வலிமையைப் பார்த்துச் சேர்ந்தவை. கொலராடோவில் இரண்டு, மினசோட்டாவில் இரண்டு, வடக்கு டகோட்டாவில் ஒன்று, நெப்ராஸ்காவில் ஒன்று, மிச்சிகனில் ஒன்று, ஒஹாயோவில் ஒன்று, 2024-இல் சேர்ந்த அரிசோனா ஸ்டேட் ஒன்று என்று பாதி நாட்டில் சிதறிக் கிடக்கும் அணிகளுக்கு செயின்ட் பால் எப்படிப் பொதுவான இடம் ஆகும்?

உண்மையில் அந்த அரங்கை நிரப்பி வந்தவர்களில் பெரும்பகுதியினர் வடக்கு டகோட்டா ரசிகர்கள். கிராண்ட் ஃபோர்க்ஸிலிருந்து ஐந்து மணி நேரம் காரோட்டிப் பச்சைச் சட்டையோடு வந்து இறங்கும் அந்தக் கூட்டத்தின் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் ஒரு தொடரின் கூட்டமே ஏதோ ஓர் அணி வெல்வதையும் தோற்பதையும் நம்பியிருந்தால், அந்த இடத்தைப் பொது இடம் என்று சொல்ல முடியாது.

2025 இறுதிப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வெஸ்டர்ன் மிச்சிகன் அந்த ஆண்டு முதல் முறையாக லீக் பட்டமான பென்ரோஸ் கோப்பையை வென்றிருந்தது. இறுதிப் போட்டியில் டென்வரை இரண்டாவது கூடுதல் நேரத்தில் 4-3 என்று வென்றது. அடுத்த மாதம் செயின்ட் லூயிஸில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தை 6-2 என்று தோற்கடித்துத் தேசியப் பட்டத்தையும் முதல் முறையாகக் கைப்பற்றியது. கலமசூ என்ற நடுத்தர ஊரிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்துக்கு இப்படி ஓர் ஆண்டு மறுபடி எப்போது வாய்க்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பருவம் முழுக்கக் கலமசூவின் லாசன் அரங்கில் நின்றபடியே தொண்டை கிழியக் கத்திய மாணவர்கள், கான்ஃபரன்ஸ் இறுதிப் போட்டியைப் பார்க்க எட்டு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்ய வேண்டியிருந்தது. டென்வர் மாணவர்களுக்கோ அது இன்னும் தொலைவு. இரு தரப்புக்கும் அந்நியமான ஊரில், இரு தரப்பு மாணவர்களிலும் பெரும்பாலோர் தொலைக்காட்சியில் பார்க்க, அந்த அற்புதமான ஆட்டம் நடந்து முடிந்தது. புதிய ஏற்பாடு ஓராண்டு முன்பே வந்திருந்தால் அது லாசன் அரங்கில் நடந்திருக்கும். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

கல்லூரி அரங்குக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். கூரை தாழ்வாக இருக்கும். இருக்கைகள் தளத்தை நெருங்கி வந்திருக்கும். பக் எனப்படும் ரப்பர் வட்டு, தளத்தைச் சுற்றியுள்ள பலகையில் மோதும் ஓசை நெஞ்சில் விழும். ஒரு மூலையில் கல்லூரியின் வாத்தியக் குழு ட்ரம்பெட்டுகளோடு நிற்கும். அவர்கள் ஊதி முடிப்பதற்குள் எதிர்ப்பக்கத்து மாணவர்கள் எதிரணி கோல்கீப்பரின் பெயரை ஒரே குரலில் இழுத்து இழுத்துச் சொல்லத் தொடங்கியிருப்பார்கள். தண்டனைப் பெட்டிக்குப் போகும் எதிரணி வீரன் கண்ணாடித் தடுப்பைத் தட்டும் கைகளைக் கடந்துதான் போயாக வேண்டும். இதே ஆட்டத்தைப் பாதி நிரம்பிய பெரிய அரங்கின் மேல்தட்டிலிருந்து நான் பார்த்திருக்கிறேன். அங்கே அதே வாத்தியக் குழுவின் ஓசை கூரைக்கு எழும்பிக் கரைந்து போகிறது.

பிக் டென் இந்தப் பாடத்தை முன்பே கற்றுக்கொண்டது. 2014 முதல் 2017 வரை நான்கு ஆண்டுகள் செயின்ட் பாலிலும் டெட்ராய்ட்டின் ஜோ லூயிஸ் அரங்கிலும் மாறி மாறித் தொடரை நடத்திப் பார்த்தார்கள். ஆட்டங்களில் குறையே இல்லை. முதல் ஆண்டு இறுதியில் விஸ்கான்சின், ஒஹாயோ ஸ்டேட்டைக் கூடுதல் நேரத்தில் 5-4 என்று வென்றது. 2017-இல் பென் ஸ்டேட், விஸ்கான்சினை இரண்டாவது கூடுதல் நேரத்தில் 2-1 என்று வென்றது. காலி இருக்கைகள்தான் கண்ணை உறுத்தின. 2018-இல் லீக் வரிசையில் மேலே உள்ள அணியின் அரங்குக்கு ஆட்டங்களை மாற்றிய பிறகு தொடரின் முகமே மாறியது. 2024-இல் ஈஸ்ட் லான்சிங்கின் மன் அரங்கில் மிச்சிகன் ஸ்டேட், தன் பரம எதிரியான மிச்சிகனைக் கூடுதல் நேரத்தில் 5-4 என்று வென்ற இரவு, இந்த விளையாட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நான் காட்டக்கூடிய சிறந்த சான்று.

இதற்கு மறுப்பாகச் சொல்லப்படுவதில் நான் மதிக்கும் வாதம் ஒன்றுதான்: சொந்த மண்ணில் ஆடும் அணிக்கு இது கூடுதல் சாதகம் அல்லவா? சாதகம்தான். ஆனால் அது ஐந்து மாதம் உழைத்துச் சம்பாதித்த சாதகம். நவம்பர் மாதத்து வெள்ளிக்கிழமை இரவில் யாரும் பெரிதாகக் கவனிக்காத ஓர் ஆட்டத்தில் எடுத்த புள்ளி, மார்ச் மாதத்தில் இறுதிப் போட்டி எந்த ஊரில் நடக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது என்றால், லீக் சுற்று முழுவதற்கும் அதனால் உயிர் வருகிறது. தவிர, சொந்த மண் வெற்றிக்கு உத்தரவாதம் தருவதும் இல்லை. 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளின் பிக் டென் இறுதிகளிலும் மினசோட்டாவின் மரியூச்சி அரங்கிலேயே மினசோட்டாவை 4-3 என்ற அதே கணக்கில் வீழ்த்திக் கோப்பையைத் தூக்கிச் சென்றது மிச்சிகன். 2024-இல் சிசிஎச்ஏ என்ற கான்ஃபரன்ஸின் லீக் பட்டத்தை வென்ற பெமிட்ஜி ஸ்டேட், தன் ஊரில் நடந்த இறுதியில் மிச்சிகன் டெக்கிடம் 2-1 என்று தோற்றது. எதிரியின் கோட்டைக்குள் புகுந்து ஆயிரக்கணக்கானோரை வாயடைக்கச் செய்வதில் இருக்கும் மகிழ்ச்சி பொது அரங்கில் எந்த அணிக்கும் கிடைக்காது.

லீக் சுற்றில் சமநிலை ஏற்பட்டால் மூவர் எதிர் மூவராக ஐந்து நிமிடம் ஆடி, அப்போதும் தீராவிட்டால் வேறு வழிகளில் முடித்துவிடுகிறார்கள். கான்ஃபரன்ஸ் நாக்அவுட் தொடரில் அப்படிக் கிடையாது. முழு அணியோடு இருபது இருபது நிமிடமாக, ஒரு கோல் விழும்வரை ஆட வேண்டும். 2015 மார்ச்சில் ஹாக்கி ஈஸ்ட் கான்ஃபரன்ஸ் தொடரின் முதல் சுற்றில், நோட்ரடாம் அணியின் சொந்த அரங்கில், மாசசூசெட்ஸ் அணி ஐந்தாவது கூடுதல் நேரத்தில் 4-3 என்று வென்றபோது 151 நிமிடம் 42 வினாடி ஆடியிருந்தார்கள். கல்லூரி ஹாக்கியின் மிக நீண்ட ஆட்டம் அதுதான். விடுதி அறை பக்கத்திலேயே இருக்கும் மாணவர்களுக்குத்தான் அப்படியோர் ஆட்டத்தைக் கடைசிவரை நின்று பார்க்க முடியும்.

2022 சிசிஎச்ஏ இறுதிப் போட்டியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதைக் காட்டித்தான் கல்லூரி அரங்குகளைப் பழிக்கிறார்கள். மங்கேட்டோ நகரில் மினசோட்டா ஸ்டேட்டும் பெமிட்ஜி ஸ்டேட்டும் 1-1 என்று கூடுதல் நேரத்துக்குச் சென்றன. மினசோட்டா ஸ்டேட் கோல் போட்டது, கோப்பை வழங்கப்பட்டது, வீரர்கள் கொண்டாடினார்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து, பக் கோல்கூண்டின் முன்வாயில் வழியாக அல்லாமல் பக்கவாட்டுச் சட்டத்துக்கு அடியில் நுழைந்து உள்ளே போயிருந்தது காணொளியில் தெரிய வந்தது. உடை மாற்றும் அறையிலிருந்த இரு அணிகளையும் திரும்ப அழைத்து, ஆட்டத்தை விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். மினசோட்டா ஸ்டேட்டே மறுபடியும் கோல் போட்டு மறுபடியும் வென்றது. சங்கடமான நிகழ்வுதான், கோல் கேமராக்கள் எல்லா அரங்குகளிலும் ஒரே தரத்தில் இருக்க வேண்டும் என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் தவற்றை மூடி மறைக்காமல், கோப்பை கைமாறிய பிறகும் ஆட்டத்தை மறுபடி நடத்திய அந்த நேர்மையை நான் வணங்குகிறேன். ஊருக்குள் இருக்கும் அரங்கு என்பதால் ரசிகர்களும் திரும்பி வரக்கூடிய தூரத்திலேயே இருந்தார்கள்.

எல்லாக் கான்ஃபரன்ஸுக்கும் ஒரே மருந்து என்று நான் சொல்லவில்லை. ஹாக்கி ஈஸ்ட் தன் அரையிறுதிகளையும் இறுதியையும் பாஸ்டனின் டிடி கார்டன் அரங்கில் நடத்துகிறது. அது அங்கேயே நடக்கட்டும். அதன் பதினோரு கல்லூரிகளும் நியூ இங்கிலாந்து பகுதிக்குள் அடங்கிவிடுகின்றன. பாஸ்டன் கல்லூரி, பாஸ்டன் பல்கலைக்கழகம், நார்த்ஈஸ்டர்ன் மாணவர்கள் நகர ரயிலிலேயே வந்துவிடலாம். ஒவ்வொரு பிப்ரவரியிலும் பாஸ்டனின் நான்கு கல்லூரிகள் மோதும் பீன்பாட் தொடரும் அங்கேயே நடப்பதால் அந்த அரங்கு அவர்களுக்குச் சொந்த வீடு போன்றது. தொலைவில் உள்ள மெய்ன் பல்கலைக்கழகத்துக்கும் அது எட்டாத இடமல்ல: 2025-இல் அரையிறுதியில் நார்த்ஈஸ்டர்னை இரண்டாவது கூடுதல் நேரத்திலும், இறுதியில் கனெக்டிகட்டை 5-2 என்றும் வென்று, 2004-க்குப் பிறகு தன் முதல் கோப்பையை மெய்ன் எடுத்தபோது, ஓரோனோவிலிருந்து நான்கு மணி நேரம் பயணம் செய்து வந்தவர்கள் கார்டனை நீல நிறமாக மாற்றியிருந்தார்கள்.

ஈசிஏசி கான்ஃபரன்ஸுக்கு லேக் பிளாசிட் அப்படி ஓர் இடம். 1980 ஒலிம்பிக்கில் சோவியத் அணியை அமெரிக்க மாணவர் அணி 4-3 என்று வென்ற அதே அரங்கு, அந்த அணியின் பயிற்சியாளர் ஹெர்ப் புரூக்ஸின் பெயரோடு அடிராண்டாக் மலைகளுக்கு நடுவே நிற்கிறது. கிளார்க்ஸன், செயின்ட் லாரன்ஸ் கல்லூரிகளுக்கு அது பக்கத்து ஊர். இடையில் 2011 முதல் 2013 வரை இந்தத் தொடரை அட்லாண்டிக் சிட்டி என்ற கடற்கரைச் சூதாட்ட நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். ஹாக்கிக்கும் அந்த ஊருக்கும் எந்த ஒட்டும் உறவும் இல்லை. 2014-இல் லேக் பிளாசிட்டுக்கே திரும்பினார்கள்.

ஆகவே என்சிஎச்சி எடுத்த முடிவை முழு மனதோடு ஆதரிக்கிறேன். அதோடு ஒரு கோரிக்கையும் வைக்கிறேன். கல்லூரி அரங்கில் இறுதிப் போட்டி நடக்கும்போது விருந்தினர் அணியின் மாணவர்களுக்கும் வாத்தியக் குழுவுக்கும் தளத்தை ஒட்டிய ஒரு பகுதியை, ஊர்க்காரர்களுக்கு விற்கும் அதே விலையில், விதியாகவே ஒதுக்கிவைக்க வேண்டும். நடத்தும் கல்லூரியின் பெருந்தன்மைக்கு இதை விட்டுவிடக் கூடாது. அரையிறுதி முடிந்து இறுதி எங்கே என்று தெரிந்த அன்றே அந்த டிக்கெட்டுகள் எதிரணிக் கல்லூரியின் கைக்குப் போய்விட்டால், மினசோட்டாவின் டுலூத்திலிருந்தோ நெப்ராஸ்காவின் ஓமஹாவிலிருந்தோ ஒரு பேருந்தை ஏற்பாடு செய்துகொண்டு அவர்கள் வந்து சேர நேரம் இருக்கும்.