பழைய எண், புது எண்

சென்னையில் வீடு தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும்: பழைய எண் 47, புது எண் 12. எதை நம்புவது என்று கேட்டால் இஸ்திரிக்காரர்தான் வழி சொல்ல வேண்டும். பெருங்குடி அலுவலகத்தில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்குப் பேக்கேஜ், அதாவது நிறுவத் தயாரான மென்பொருள் பொட்டலம், கட்டும் எனக்கு அந்த இஸ்திரிக்காரரும் கிடையாது.

எனக்கு முன்னால் இருந்த புண்ணியவான் தேதியையே வெர்ஷனாக வைத்திருந்தார்: 20230415. மேலாளருக்கு அது அழகாகப் படவில்லை. "இனிமே 1.0னு போடுப்பா" என்றார். போட்டேன். சர்வர் ஒன்றுகூட அப்டேட் ஆகவில்லை. ஆகாதே! இரண்டு கோடியை விட ஒன்று சின்னது என்று பேக்கேஜ்களை நிறுவும் ஏப்டிக்குத் தெரியும், மேலாளருக்குத்தான் தெரியவில்லை. கடைசியில் முன்னால் ஈபாக், அதாவது மற்ற எண்களுக்கு முன்பே ஒப்பிடப்படும் ஓர் எண், ஒட்டி 1:1.0 ஆக்கினேன். ஒருமுறை ஒட்டினால் ஆயுசுக்கும் கூடவே வரும். வந்தாலும் பரவாயில்லை, ஆனால் ஃபைல் பெயரில் தெரியாது. அதனால் வாரம் ஒருவர் என் மேஜைக்கு வந்து "இந்த 1: எங்கிருந்து வந்தது?" என்று விசாரிக்கிறார்.

சரி, அதோடு விட்டதா? போன மாதம் ஒருவர் சோதனைப் பதிப்புக்கு 2.0ஆர்சி1 என்று பெயர் வைத்தார். நடுவில் ஒரு அலைக்குறி, அதாவது டில்டே, போட்டிருந்தால் அது 2.0க்கு முந்தியது என்று டெபியன் புரிந்துகொள்ளும். போடவில்லை. இப்போது உண்மையான 2.0 வந்து வாசலில் நிற்கிறது, உள்ளே இருக்கும் அரைவேக்காடு "நான்தான் புதுசு" என்கிறது.

நேற்று மேலாளர் அடுத்ததைக் கேட்டார்: "1.9க்கு அப்புறம் 1.10ஆ? அது 1.1தானேப்பா?" வெர்ஷனில் புள்ளிக்குப் பின்னால் இருப்பது ஒன்பதுக்கு அடுத்த பத்து என்று விளக்காமல், டீ குடிக்கக் கீழே இறங்கிவிட்டேன்.